பச்சை அட்டைக் கேசட்

எங்கள் தெருவில் யாராவது வில்லுப்பாட்டுக் கேசட் வாங்கப் புறப்பட்டால், செருப்பை மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தவர்களுக்கு, எனக்கும் உலகத்தில் ஏதோ ஒன்றில் மரியாதை இருந்தது என்று தெரியட்டும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் மரியாதைக்குக் காரணம் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். யாரோ ஓடாது என்று ஒதுக்கிவிட்ட பெட்டியை எடுத்துவந்து, உள்ளே மோட்டாரில் உடைந்திருந்த குட்டிச் சக்கரத்துக்குப் பதிலாகப் பித்தளையில் தானே ஒன்றைக் கடைந்து மாட்டினார்.

"கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்குல போட்டிருக்கான். நம்ம போட்டது பித்தளை. ஒனக்குப் பேரன் பொறந்து அவனும் பாட்டுக் கேப்பான், பாத்துக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார்.

பெட்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. மற்ற வீடுகளில் கேசட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் சோறு வடித்துக் குழம்பும் கொதித்துவிடும். எங்கள் வீட்டில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று நின்றுவிடும். கேசட்காரன் நாடாவைக் குறைத்துச் சுற்றி ஏமாற்றுகிறான் என்பது அம்மாவின் தீர்ப்பு. பக்கத்து வீட்டு ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம் எங்களுக்குத் தூங்கி வழிவதுபோல இருக்கும். பாவம், அவர்களுக்குப் பித்தளைச் சக்கரம் கடைந்து கொடுக்க ஒரு மாமா இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டியை இயக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்பது, பெட்டிக்குள் இருக்கிற 'ஹெட்'டைத் துணியால் துடைப்பது எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்பார்கள். ஆளுக்கொரு கேசட் கொண்டுவருவார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, அட்டை நிறத்தை வைத்து அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினேன்.

மஞ்சள் அட்டையில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி கதை நன்றாகச் சொல்லுவார். ஆனால் நடுவில் மாமியார் மருமகள் வேடிக்கையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதனால் மாமியாரோடு உட்கார்ந்து கேட்காதீர்கள். ஊதா அட்டையில் குடம் அடிக்கிறவர் பிரமாதம், பாடுகிறவருக்குத்தான் சளி. சிவப்பு அட்டை வாங்கினால் இரண்டாவது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் பக்கம் முழுக்க ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லியே தீர்ந்துவிடும். தையல்கடைக்காரர், தபால்காரர், என் கணக்கு டீச்சர் உட்பட எல்லாரும் என் பேச்சைக் கேட்டு வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய்க் கேசட் வாங்கி வந்தார்கள். டீச்சருக்கு நான் மஞ்சளைப் பரிந்துரைத்தேன். அவருக்கு மாமியார் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த வருஷத்து மார்க்கில் அது தெரிந்தது.

பச்சை அட்டைக்கு மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. போட்டுக் காட்டுவேன். அட்டையில் சாமி படம்தான் இருந்தது, பாடுகிறவள் படம் இல்லை. ஆனால் குரலைக் கேட்டாலே தெரியும். இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். கீச்சென்று கூர்மையான குரல். மூச்சு விடாமல் சடசடவென்று மழை இறங்குவதுபோலப் பாடுவாள். பின்னால் உடுக்கும் குடமும் துரத்திக்கொண்டு ஓடிவரும். கேட்கிறவர்கள் காலைத் தட்டாமல் இருக்க முடியாது.

இனிப் பெரியப்பா.

அப்பாவின் அண்ணன். தாலுகா ஆபீஸில் கிளார்க். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். ஆனால் வருஷத்தில் ஒரு மதியம் மட்டும் அவர் வேறு ஆள். ஆற்றுக்கு அக்கரையில், வயல்களுக்கு நடுவே, மருத மரத்தடியில் எங்கள் குடும்பத்துச் சாமியான மாடசாமிக்குப் பீடம் உண்டு. சித்திரையில் கொடைத் திருவிழா நடக்கும். மதியக் கொடையில் பெரியப்பா சல்லடம் கட்டிக்கொண்டு நிற்பார். சல்லடம் என்றால் விளிம்பெல்லாம் சின்னச் சின்ன மணி தைத்த சிவப்பு அரைக்கால் சட்டை. வில்லுப்பாட்டில் சாமியைக் கூப்பிடுகிற இடம் வரும். அதற்கு வரத்து என்று பேர். வரத்துப் பாடப் பாட, சாமி பெரியப்பா மேல் இறங்கும். அதன்பிறகு அந்தத் தாலுகா ஆபீஸ் கிளார்க் வல்லயம் என்கிற ஈட்டியை ஊன்றிக்கொண்டு குதிக்கிற குதியில் போலீஸ்காரர்கூட ஒதுங்கி நிற்பார். பிள்ளை இல்லாதவர்கள், கோர்ட்டில் வழக்கு நடப்பவர்கள் எல்லாம் அவர் கையால் திருநீறு வாங்கக் காத்திருப்பார்கள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷக் கொடையில் சாமி வரவில்லை.

வழக்கமாக வருகிற பாட்டுக்காரர்கள்தான் பாடினார்கள். பெரியப்பா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மணி ஒன்றுகூட அசையவில்லை. கடைசியில் பெரியவர்கள் பூசையை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு கொடையில் சாமி வராவிட்டால் சல்லடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு என்றால் கீழவீடு. அப்பாவுக்குப் பங்காளியான கீழவீட்டுச் சித்தப்பா, அன்றையிலிருந்து தினமும் காலையில் ஆற்றுக்குப் போய்க் குளித்து, தண்டால் எடுப்பதாகச் செய்தி வந்தது.

அந்த ஒரு வருஷம் பெரியப்பாவைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநீறு போடச் சொல்லி வருகிறவர்கள் அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார்கள். கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்கு ஆள் மெதுவாகத்தான் வந்தது. அவர் மனைவி, என் பெரியம்மை, எங்கேயும் போவதை நிறுத்திவிட்டாள். ஒரு மனுஷன் மேல் சாமி வராவிட்டால் என்ன, நம் மேல் எல்லாம் வருகிறதா என்றுதான் எனக்குத் தோன்றியது. வருஷம் முழுக்க யார் மேலும் வராத சாமியோடு நாங்கள் எல்லாரும் நன்றாகத்தானே இருந்தோம்.

சித்திரைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு மஞ்சள் பை நிறையக் கேசட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருசம் பாட்டுக்காரவுகள மாத்திப் பாப்போம்னு இருக்கேன். ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் புரியல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏளா, நீதான இதுல கெட்டிக்காரி. எதக் கேக்கலாம், சொல்லு."

பெரியவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

நான் வரிசையாகப் போட்டேன். காபி டபரா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். மஞ்சளுக்கு மரியாதைக்குச் சிரித்தார். ஊதாவுக்கு, "காத்தாடியக் கொஞ்சம் கூட்டி வைய்யி" என்றார். சிவப்புக்குக் கண்ணை மூடினார். சாமி இறங்குகிறதோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தூங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கடைசியாக நான் பச்சையைப் போட்டேன்.

வரத்து தொடங்கியதும் முதலில் அவர் கால் பெருவிரல் தரையில் தட்டியது. பிறகு டம்ளர் டபராவில் இடித்து 'கிணிகிணி' என்று ஆடத் தொடங்கியது. காபி வேட்டியில் சிந்தியது. அவர் பார்க்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. அம்மா பாய்ந்து வந்து பெட்டியை நிறுத்தினாள்.

"அத்தான், இது வீடு! இங்கன வேண்டாம்!"

சத்தம் நின்றதும் பெரியப்பா தூக்கத்திலிருந்து எழுந்தவர்போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"இந்தப் பாட்டுக்குச் சாமி வரும்லா, ஏளா?"

"கண்டிப்பா வரும் பெரியப்பா" என்றேன். டீச்சருக்கு மஞ்சளைச் சொன்ன அதே தெளிவோடு.

பாட்டுக்காரியை ஏற்பாடு செய்ய மாமா போனார். வண்ணார்பேட்டையில் கேசட் விற்ற கடைக்காரர் மூலமாக ஊரைக் கண்டுபிடித்தார். அவள் வெளியூரில் கொடைக்குப் பாடப் போயிருந்ததால், வீட்டுக்காரரிடமே வெற்றிலை பாக்கு கொடுத்து நாள் உறுதி செய்துவிட்டு வந்தார். அவளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை என்ன இருந்தது? குரலைத்தான் எங்கள் வீட்டிலேயே கேட்டிருந்தோமே.

கொடை அன்று நான் பச்சை அட்டைக் கேசட்டை எடுத்துக்கொண்டேன், அவளிடம் கையெழுத்து வாங்கலாம் என்று. மாமா பாட்டைப் பதிவு செய்யலாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டார். புதுப் பேட்டரிக் கட்டைகளும் போட்டாயிற்று.

வெயில் ஏறுகிற நேரத்தில் வேன் வந்து நின்றது. வெற்றிலை போட்ட வாயோடு, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கினார். நான் அவரைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பாட்டுக்காரவுக பின்னால வாராவளா?"

"நான்தான் தாயி பாட்டுக்காரி" என்றார் அவர். தொண்டை கோயில் மணியைத் துணி சுற்றி அடித்ததுபோல இருந்தது. "பின்னால குடம்தான் வருது."

கேசட்டைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

பந்தலில் வில்லைக் கட்டினார்கள். பெரியப்பா ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்தோடு வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சல்லடம் கட்டிவிட்டார்கள். பீடத்தைப் பார்த்துக் கை கூப்பி நின்றார். பந்தலில் யாருடைய காதும் வில்லின் பக்கம் இல்லை. அவர் இடுப்பில் இருந்த மணிகளில்தான் இருந்தது. உடம்பில் துளி நடுக்கம் வந்தாலும் அவை சொல்லிவிடும்.

பாட்டுக்காரம்மா பாடத் தொடங்கினார். அதே பாட்டுத்தான். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் அகலமாக, ஆழமாக, அவசரமே இல்லாமல், நெல் மூட்டை ஏற்றிய வண்டி வரப்போரம் போவதுபோலப் போனது. எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். வரியின் முடிவுக்கு நான் முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டு, அவர் வந்து சேரட்டும் என்று காத்திருந்தேன். இன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

வரத்துப் பாடினார். மணி அசையவில்லை.

இன்னொரு சுற்றுப் பாடினார். பெரியப்பாவின் காதோரம் வேர்வை இறங்கிக் கழுத்தில் ஓடியது. அது ஓடுவதுகூடக் கேட்டுவிடும் போலிருந்தது. மணி அசையவில்லை.

கூட்டத்தில் சலசலப்புக் கிளம்பியது. அதை மீறிக் கீழவீட்டுச் சித்தப்பாவின் குரல் கேட்டது. தலை குளித்து, புது வேட்டி கட்டி, உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தார்.

"அண்ணனுக்கு முட்டு வலிக்கப்போவுது வே. யாராவது ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க."

சிலர் சிரித்தார்கள். பெரியப்பா திரும்பவில்லை. கூப்பிய கை மட்டும் இன்னும் இறுகியது.

"ஆமா, இந்தப் பாட்டுக்காரிய யாரு சொல்லி வச்சாவ?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"இவுக தம்பி மவ சொல்லுச்சாம். அஞ்சாங்கிளாஸ் படிக்காளாம்."

"அப்படின்னா சாமி பரிச்சை எழுதிட்டுத்தான் வரும்."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பிடித்திருந்த பிடியில் என் தோள் வலித்தது. பெரியம்மை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் எழுந்தார். "உச்சி சாயப்போவுது. பாட்டுக்காரவுக ஒரு சோடா குடிக்கட்டும். இன்னும் ஒரே ஒரு வரத்து. வந்தா மாடன் விருப்பம். வராட்டி..." என்று நிறுத்தி, பெரியப்பாவைப் பார்க்காமல் அவர் இடுப்பைப் பார்த்தார். "சல்லடத்த அவுத்துருவோம்."

நான் அம்மாவின் கையிலிருந்து நழுவினேன். மாமா மடியில் வைத்திருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வில்லுப்பாட்டுக்காரர்கள் இருந்த பக்கம் ஓடினேன். "ஏட்டி! பெட்டிய எங்கன கொண்டுட்டுப் போற!" என்று மாமா பின்னால் ஓடிவந்தார்.

பாட்டுக்காரம்மா வில்லுக்குப் பக்கத்தில் சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சரியாப் பாட மாட்டக்கியோ" என்றேன். முப்பது வருஷம் பாடிய ஒருவரிடம் இதைச் சொல்கிற துணிச்சல் விமர்சகர்களுக்கு மட்டும்தான் வரும். "கேசட்டுல வேற மாதிரிப் பாடுனிய."

"கேசட்டுல பாடுனதும் நான்தான், இங்கன பாடுததும் நான்தான். வேற எப்படிப் பாட?"

பச்சையைப் போட்டு அமுக்கினேன். சத்தத்தைக் குறைத்து அவர் காதோரம் வைத்தேன். அவர் நெற்றி சுருங்கியது.

"இது யாருட்டி? என் பாட்ட எவளோ பாடுதா! கொள்ளைல போறவ, மூச்சே விட மாட்டக்கா!"

"நீங்கதான்."

"நானா?" என்று சிரித்தார். அப்போது கேசட்டில் வரிக்கு நடுவில் ஒரு சின்னக் கனைப்பு வந்தது. அணில் தும்மியது போலிருக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த இடம் பிடிக்கும். பாட்டுக்காரம்மாவின் சிரிப்பு நின்றது. காதை இன்னும் அருகில் கொண்டுவந்தார். "கனைப்பு என்னுதுதான்" என்றார் மெதுவாக. பிறகு மூச்சிரைக்க நின்ற மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிய ரிப்பேர் பாத்தது யாரு?"

எங்கள் வீட்டில் குழம்பு ஏன் கேசட்டை முந்தியதே இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோ ஏன் தூங்கி வழிந்தது, எல்லாம் மாமா முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

"பித்தளை" என்றார் மாமா. "ஒரு மயிரளவு பெருசாக் கடைஞ்சிட்டேன் போல. அதான் நாடா வெரசா ஓடி, கொரலும் கீச்சுன்னு ஆயிருக்கு."

பாட்டுக்காரம்மா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். பந்தலுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததுபோல எனக்கு இருந்தது. உச்சி வெயில் பீடத்தின் உச்சியில் நின்றது. பெரியவர் இரண்டு தரம் கனைத்துவிட்டார்.

"அவுக இதக் கேட்டுத்தான் ஆடுனாவளா?"

"காபி டம்ளரே ஆடிச்சு" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பினார். சோடாவால் வாயைக் கொப்பளித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடம் அடிக்கிறவரைக் கூப்பிட்டுப் பெட்டியை அவர் காதில் வைத்தார்.

"கேட்டுக்கிடும். இந்த ஓட்டம். என் கோலப் பாத்து அடியும்."

குடக்காரர் கேட்டுவிட்டு மிரண்டுபோனார். "யக்கா, இது பாட்டா, பஸ்ஸா?"

"பஸ்ஸுதான். ஏறிக்கிடும்."

வில்லில் அடிக்கிற வீசுகோலை எடுத்தார். முதல் இரண்டு வரியைத் தன் நடையிலேயே பாடினார். மூன்றாவது வரியில் வில்மணி படபடத்தது. குரல் மேலே ஏறியது. அது அவர் தொண்டைக்குப் பழக்கமில்லாத உயரம். ஓரத்தில் கிழிந்தது. நிற்கவில்லை. குடமும் உடுக்கும் தடுமாறி, விழுந்து, எழுந்து, பின்னாலேயே ஓடின. என் உதடு இப்போது முன்னால் போய்க் காத்திருக்கவில்லை. அவரோடு சேர்ந்து போனது.

மணி அசையவில்லை.

பாட்டுக்காரம்மாவின் கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்தது. ஒரு வரியில் மூச்சுத் தீர்ந்து வார்த்தை விட்டுப்போயிற்று. குடக்காரர் "ஆமா! ஆமா!" என்று கத்தி அந்த இடத்தை நிரப்பினார். இன்னும் கொஞ்சம்தான் பாட்டு மிச்சம். எனக்குத் தெரியும், இன்னும் ஏழெட்டு வரிதான். ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்கு ஒரு படி கீழே இறங்குவதுபோல இருந்தது. கீழவீட்டுச் சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டத் தொடங்கினார். பெரியப்பா கண்ணை மூடியிருந்தார். அவர் உதடு அசைந்தது. பாட்டைச் சொல்கிறாரா, வேறு ஏதாவது சொல்கிறாரா தெரியவில்லை.

ஒரு மணி அடித்தது.

ஒன்றே ஒன்று. முதலில் தாளமோ என்று நினைத்தேன். பாட்டுக்காரம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கோல் வில்லின் மேல் விழுந்த வேகத்தில் வில்லே எகிறியது. இரண்டு மணி, நாலு மணி, பிறகு எண்ண முடியவில்லை. பெரியப்பா நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே போனார். இறங்கும்போது வல்லயம் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள், எப்போது எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பெரியம்மை உட்கார்ந்த இடத்திலேயே குப்புற விழுந்து கும்பிட்டாள். கீழவீட்டுச் சித்தப்பா இடுப்பில் கட்டிய துண்டோடு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, வேறு வழியில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். துண்டை முன்னாலேயே இடுப்பில் கட்டியிருந்ததால் பார்க்கிறவர்களுக்கு அது பக்தி மாதிரியே இருந்தது.

ஆடி முடித்துச் சாமி திருநீறு கொடுக்க நின்றது. நீண்ட வரிசை. போன வருஷம் வாசலைத் தாண்டிப் போனவர்களெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் சாமி கட்டைக் குரலில் ஏதோ சொன்னது. வழக்கு ஜெயிக்கும், பிள்ளை பிறக்கும், மேற்கே பார்த்த வாசலை மாற்று. பந்தலோரம் பாட்டுக்காரம்மா மருத மரத்தில் சாய்ந்து, பேச்சு வராமல், சைகையில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா என்னை முன்னால் நிறுத்தித் தான் பின்னால் நின்றாள். என் முறை வந்தது. சாமி குனிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நெற்றியில் திருநீறு வைத்தது. விரலை எடுக்கவில்லை. சல்லடத்தின் மணிச் சத்தத்துக்கு அடியில், மிகவும் பைய, உதடு அசையாமல், தாலுகா ஆபீஸ் குரலில் என்னிடம் கேட்டது:

"ஏளா, சரியா இருந்துச்சா?"

நிபுணரிடம் கேட்கப்படுகிற கேள்விதானே. நான் கொஞ்சம் யோசித்து, நியாயமாகவே பதில் சொன்னேன்.

"மொதத் தடவைக்கு நல்லாத்தான் இருந்துச்சு பெரியப்பா. ரெண்டாவது பக்கம் போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

அம்மாவின் உள்ளங்கை பின்னாலிருந்து வந்து என் வாயை மூடியது. சாமியைப் போய்ப் பெரியப்பா என்று சொல்லிவிட்டேனே, அதற்குத்தான் என்று புரிந்துகொண்டு, அந்தக் கைக்குள்ளிருந்தே "சாமி" என்று திருத்திச் சொன்னேன்.

அதன்பிறகு பெரியப்பா இருந்தவரை சல்லடம் எங்கள் பக்கமே இருந்தது. மாமா பித்தளைச் சக்கரத்தைச் சரிசெய்கிறேன் என்று திருப்புளியோடு வந்தபோது அம்மா பெட்டியைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு கொடைக்கும் அதே பாட்டுக்காரம்மாதான் வந்தார், வரத்துக்கு மட்டும் பஸ் ஏறினார். நானும் ஒவ்வொரு வருஷமும் தலையை நன்றாகச் சீவிக்கொண்டு வரிசையில் நின்றேன், மறுபடி கேட்டால் சொல்வதற்கு அபிப்பிராயங்களைத் தயாராக வைத்துக்கொண்டு. சாமி எனக்குத் திருநீறு போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தது.

இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் என் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. எந்தக் கேசட் நல்லது என்று தெருக்காரர்கள் கேட்பார்கள், டீச்சர் கேட்பார், ஆனால் மாடசாமியே என்னிடம் கேட்டார் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா காதில் விழுந்தபோதெல்லாம் என் தொடையில் கிள்ளு விழுந்தது. திமிர் பிடித்துவிடக் கூடாது என்று கிள்ளுகிறாள் போல என்று இருந்துவிட்டேன். அவ்வளவு பெரிய சாமியின் விரல் ஏன் என் நெற்றியில் அப்படி நடுங்கியது, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை ஏன் அது எடுபடவே இல்லை என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. இரண்டாவது பக்கத்தைப் பற்றிய யோசனையில் இருந்தேன்.